ஆறு பேருக்குச் சமையல்

அத்தியாயம் 11

பெரியவள் புகுந்த வீட்டிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகியும் பெட்டியில் இருந்த துணிகளை அலமாரியில் அடுக்கவில்லை. வேண்டும்போது ஒன்றை உருவிக்கொள்வாள். துவைத்துக் காய்ந்ததும் மடித்து அதே பெட்டியில் வைப்பாள். யார் கேட்டாலும், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாள். அப்பாவின் தங்கையான அத்தை மட்டும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கு அவள் கேட்டிருந்தாலே தேவலை.

அப்பாவுக்கு மகளின் பெட்டியைக் கவனிக்க நேரம் இல்லை. பல்கலைக்கழகத்துக்குள் கட்டி முடித்திருக்கும் புதிய சாப்பாட்டுக் கூடம்தான் எந்நேரமும் அவர் தலைக்குள் இருந்தது.

அடுத்த பருவத்திலிருந்து விடுதி மாணவர்கள் எல்லோருக்கும் அங்கேயே சாப்பாடு. விடுதிக் கட்டணத்தோடு சேர்த்து முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். கட்டணம் கட்டியவன் எதற்குப் பின்வாசலைத் தாண்டி வந்து இன்னொரு முறை சாப்பிடப்போகிறான்? பின்வாசல் தெருவில் இருந்த சாப்பாட்டுக் கடைகள் இதை ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டன. பழச்சாறு விற்றவர் போன் உறை விற்க ஆரம்பித்தார். முட்டைக் கடைக்காரர் மேசைகளை வெளியே தூக்கிப் போட்டு விலை எழுதி வைத்தார். மழையில் எழுத்து அழிந்ததே தவிர மேசைகள் போகவில்லை.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. கூடத்துக்குள் ஓர் இடத்தை வெளிக்கடை ஒன்றுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று கடைகள் கேட்டிருந்தன. ரொட்டிக் கடை அண்ணன் தம்பி, காகிதக் குவளையில் நூடுல்ஸ் விற்கும் புதுக் கடை, பிறகு அப்பாவின் அண்டாக் கடை. இன்று மதியம் ஆறு பேர் மூன்றையும் சாப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அது கிடைத்தால் பிழைப்பு உண்டு. கிடைக்காவிட்டால், விடுதியில் தங்காத சிலரை நம்பி இந்தத் தெருவிலேயே இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அண்டாக் கடை என்பது மாணவர்கள் வைத்த பெயர். பலகையில் வேறு பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. அப்பாவே போனை எடுத்தால், "அண்டா பேசுறேன்" என்பார்.

அது சாதாரண அண்டா இல்லை. ஓர் ஆள் உள்ளே இறங்கி உட்கார்ந்துதான் தேய்க்க வேண்டும். அப்பா மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று கிண்டுவார். கரண்டி, படகுத் துடுப்பு நீளம் இருக்கும். அவர் உப்பைக் கரண்டியால் அளந்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு கையாலும் அள்ளி வீசுவார். வாயில் வைத்தும் பார்க்கமாட்டார். எழும்பும் ஆவிக்கு முன்னால் முகத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கடைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கதவைத் திறந்ததும் முதலில் நிற்கும் மாணவனுக்கு மட்டும் ஒரு தட்டு போகும். அவன் சாப்பிட்டுப் பார்த்துச் "சரி" என்று சொல்லும்வரை மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். உப்புக் குறைவு என்றால் போடுவார். கூடிவிட்டது என்றால் வெந்த பருப்பை இன்னும் கொஞ்சம் கொட்டுவார். அண்டா எதையும் வாங்கிக்கொள்ளும். அந்தச் "சரி" காதில் விழுந்தால்தான் அப்பாவின் தோள் கீழே இறங்கும்.

ஒரு காலத்தில், எலும்பும் தோலுமாக ஒரு பையன் தினமும் அந்த முதல் ஆளாக வந்து நிற்பான். முதல் தட்டுக்குக் காசு வாங்கமாட்டார்கள் என்பது அவனுக்கு வந்த புதிதிலேயே தெரிந்துவிட்டது. முதல் தட்டு என்றே அவனுக்குப் பெயர் விழுந்தது. இப்போது அவர் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சாப்பிட்டுப் பார்க்கப்போகும் ஆறு பேரில் ஒருவர். அப்பாவின் கடையை இந்தப் போட்டிக்குக் கூப்பிட்டதே அவர் வற்புறுத்தியதால்தான்.

*

காலையில் அண்டாவில் பருப்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது அப்பா மாடிக்குப் போய், வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு சின்னச் சட்டியை இரவல் வாங்கி வந்தார்.

இரவல்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்த வீட்டில் சின்னச் சட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. அம்மா உயிரோடு இருந்தபோதும் வீட்டுக்கென்று தனியாக அடுப்பு எரிந்ததில்லை. மாணவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு அண்டாவின் அடியில் எது இருக்கிறதோ அதுதான் வீட்டுக்கும். காய்ச்சல் வந்தால்கூட அதையே நீர் விட்டுக் கரைத்துக் குடித்துக்கொள்வார்கள்.

"அது எதுக்குப்பா?" என்றாள் பெரியவள்.

"அந்த ஆறு பேருக்கு."

"அண்டாவுலேயே எடுத்துக்கலாமே. நல்லாத்தானே வந்துக்கிட்டிருக்கு."

அப்பா அவளை வினோதமாகப் பார்த்தார். "பெரிய படிப்புப் படிச்சவங்கம்மா. அவங்களுக்குப் போய், பசங்க பானையிலேருந்து மொண்டுக்கிட்டுப் போறதா? மதிக்கலைன்னு நினைக்கமாட்டாங்க? தனியா, புதுசா, அவங்களுக்குன்னே செய்யணும்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தையும் அதையேதான் சொன்னாள். மரியாதை என்று ஒன்று இருக்கிறது, இடம் கேட்டுப் போகிறவர்கள் மிச்சம் மீதியைத் தூக்கிக்கொண்டு போவார்களா என்றாள். அண்டா அடுப்பிலேயே இருக்கிறது, அது எப்படி மிச்சம் ஆகும் என்று பெரியவள் கேட்டதற்கு, வாய் மட்டும் புகுந்த வீட்டுக்குப் போயும் குறையவில்லை என்று பதில் வந்தது.

பெரியவள் சட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மூன்று விரலில் தூக்கிவிடலாம்.

"சின்னச் சட்டியில நம்ம கைக்கு அளவு பிடிபடாதுப்பா."

"யாரு சொன்னா?"

அவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவு பெரிய அண்டாவை இறக்கி வைக்கிறேன். இந்தக் கிண்ணம் என்னை என்ன பண்ணிடும்?" என்று சிரித்தார் அப்பா. "உனக்கே நான் கத்துக்குடுத்தேன். உன் மாமியார் வீட்டுல யாராச்சும் ஒரு குறை சொல்லியிருப்பாங்களா?"

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும்.

புகுந்த வீட்டில் சாப்பிடுகிறவர்கள் மூன்றே பேர். அவள், கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் கணவன், மாமியார். முதல் நாள் அவள் வைத்த பருப்பை மூன்று நாள் சாப்பிட்டார்கள். அது புதுப்பெண் என்று சிரிப்பாகப் போயிற்று. பிறகு அளவைக் குறைத்தாள். அளவு குறைந்ததும் கை தடுமாறியது. உப்பு ஒரு நாள் கரித்தது, மறுநாள் இல்லவே இல்லை. தாளிதம் கண்மூடித் திறப்பதற்குள் கருகியது. கரண்டியால் அளந்து பார்த்தாள், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுப் பார்த்தாள். அளவு சரியாக வந்தாலும் ருசி வரவில்லை. ஏதோ மருந்துபோல் இருந்தது.

மாமியார் வாசலில் போகிறவர்களைக் கூப்பிட்டு, வாங்க வாங்க, எங்க வீட்டில் ஊருக்கே சமைக்கிற ஒருத்தி வந்திருக்கிறாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அதையும் தாங்கிக்கொண்டிருப்பாள். கணவன்தான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. கொஞ்ச நாளில், வரும் வழியிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லத் தொடங்கினான். முகத்தில் கோபமே இருக்காது. செருப்பைக் கழற்றிக்கொண்டே, நல்ல விதமாகச் சொல்வான். தினமும் சொன்னான்.

இதை எந்த வாயால் அப்பாவிடம் சொல்வது? அவர் அவளுக்குக் கொடுத்து அனுப்பியது அந்தக் கைவேலை ஒன்றைத்தான்.

*

அண்டாவை அத்தை பார்த்துக்கொண்டாள். அப்பா தரையில் குந்தி உட்கார்ந்து, கல் கூட்டிய சின்ன அடுப்பின் முன்னால் வேலையைத் தொடங்கினார். அவர் உட்கார்ந்து சமைத்து அவள் பார்த்ததில்லை. பெரிய ஆள் குழந்தையின் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எண்ணெய் விட்டார். விட்டதும் அதிகம் என்று தெரிந்து சட்டியைச் சாய்த்துக் கொஞ்சம் கொட்டினார். வெங்காயத்தைப் போட்டுவிட்டுப் பழக்கத்தில் தக்காளி எடுக்கத் திரும்பினார். அண்டாவில் அந்த நேரத்துக்கு வெங்காயம் நிறம்கூட மாறியிருக்காது. இங்கே திரும்பிப் பார்த்தபோது ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. புதிதாகத் தொடங்கினார். உப்பை ஒரு கையில் அள்ளி, பாதியைக் கீழே உதிர்த்து, மீதியைப் போட்டு, போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல் முகத்தை ஆவிக்கு நீட்டினார். சட்டியிலிருந்து வந்த ஆவி அவர் மூக்கு வரைக்கும் எட்டவில்லை. இன்னும் குனிந்தார். இன்னும் குனிந்தார். மீசை சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

"எப்படி இருக்கு?" என்று அத்தை கேட்டாள்.

"வாசனை வருது" என்றார். எந்த வாசனை என்று சொல்லவில்லை.

பெரியவள் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம். அவங்களுக்கு முன்னாடி யாரும் வாய் வைக்கக் கூடாது."

"சரியா இருக்கான்னு யாரு சொல்றதுப்பா?"

"அதான் அவன் இருக்கானே. முதல் தட்டு. அவன் சொல்லுவான்."

அப்பாவும் கூட வருவார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் வரவில்லை என்றுவிட்டார். கண்ணாடிக் கதவு வைத்த இடங்களில் அவருக்குக் கால் வழுக்கும். படித்தவர்கள் ஏதாவது கேட்டால் வாயில் வார்த்தை வராது. அண்டாவை இறக்கியதும் முதுகு வலிக்கிறது, அரிசி மூட்டை மேல் சற்றுப் படுக்கிறேன், நீ போய்விட்டு வா என்றார். சட்டியை ஒரு வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்தபோது அவருடைய விரல்கள் முடிச்சுக்குள் மாட்டிக்கொண்டன.

படியிறங்கும்போது மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா குரல் கொடுத்தாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் இந்த இடத்தைக் கேட்டு நச்சரிக்கிறாராம். இடம் இனியும் வேண்டுமா வேண்டாமா என்று இன்றைக்குள் அப்பாவைச் சொல்லச் சொல் என்றாள். பெரியவள் தலையை ஆட்டிவிட்டுப் பின்வாசலைப் பார்த்து நடந்தாள்.

*

சாப்பாட்டுக் கூடத்தில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. மேசைகளின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடக் கிழிக்கவில்லை. ஓர் ஓரமாக ரொட்டிக் கடை அண்ணனும் தம்பியும் புதுச் சட்டையில் நின்றார்கள். யார் பேசுவது என்று காலையிலிருந்து சண்டையாம். கடைசியில் இருவருமே பேசாமல் நின்றார்கள். நூடுல்ஸ் கடைக்காரப் பெண் மட்டும் வந்தவர்களுக்கெல்லாம் ஒரு குவளையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கூடத்துக்கு மேலாளராக வந்திருந்த அம்மாள் கறாரானவர். ஆனால் நல்லவர். பெரியவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். மூன்று கடைகளுக்கும் ஒரே மாதிரித் தட்டு, ஒரே அளவு நேரம் என்று விளக்கினார்.

முதல் தட்டு என்ற பேராசிரியரை அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. வயிறு வைத்திருந்தது, தலை நரைத்திருந்தது. காத்திருக்கும்போது ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல் தேய்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. தன்னோடு இருந்த ஐந்து பேரிடமும் அவர் அண்டாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டுப் பசியோடு கிடந்த நாட்கள், கடைக்காரர் மரப்பெட்டி மேல் ஏறி நிற்கும் கோலம், எல்லாம் சொன்னார். நீங்கள் சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு பேசுங்கள் என்றார்.

ரொட்டி வந்தது, போனது. நூடுல்ஸ் வந்தது. பிறகு பெரியவள் துணி முடிச்சை அவிழ்த்தாள்.

மூடியைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெய் தனியாக மேலே நின்றது. பருப்பு ஒன்றோடொன்று சேராமல் கீழே கிடந்தது. இந்தப் பருப்பை அவள் நன்றாக அறிவாள். புகுந்த வீட்டில் தினமும் மூன்று பேருக்கு முன்னால் இறக்கி வைத்த பருப்பு இது.

பேராசிரியர் முதல் ஆளாகத் தட்டை நீட்டினார். சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நல்லா இருக்கு."

ஒரு வயதானவர் தன் தட்டில் வெறும் சோற்றை இன்னும் கொஞ்சம் போட்டு உப்பை அமுக்கிப் பார்த்தார். இன்னொருவர் அரைக் கரண்டியோடு நிறுத்திக்கொண்டு, தினமும் இதே மாதிரிதான் இருக்குமா என்று மரியாதையாகக் கேட்டார். கருகல் வாசனை கொஞ்சம் வருகிறதோ என்று யாரோ தயங்கிச் சொன்னார்கள். யாருமே முகத்தைச் சுளிக்கவில்லை. வரும் வழியிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்கிற முகங்கள்.

பெரியவள் எழுந்தாள். "இது அந்தச் சமையல் இல்லீங்க. கடையில அண்டா இருக்கு. பத்து நிமிஷம் குடுங்க, ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடுறேன்."

மேலாளர் அம்மாள் அவள் தோளில் கை வைத்தார். இன்னொரு முறை கொண்டுவர உன்னை விட்டால் அவர்களையும் விட வேண்டும் என்று ரொட்டிக் கடைக்காரர்களைக் காட்டினார். எல்லோருக்கும் ஒரு தடவைதான் என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அவள் ஓடினாள்.

*

கடையில் வரிசை தெருவரைக்கும் நின்றது. பருவத்தின் கடைசி வாரம். இனி இங்கே சாப்பிட முடியாது என்று தெரிந்தோ என்னவோ, எல்லோரும் இரண்டாவது தட்டு கேட்டார்கள். அத்தை வியர்த்து வழிய மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே அரிசி மூட்டைகளின் மேல் அப்பா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

பெரியவள் ஒரு டப்பாவை நீட்டினாள். அத்தை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வரிசையை நிறுத்திவிட்டு, அண்டாவின் நடுவில் துடுப்பை இறக்கி அடியிலிருந்து எடுத்து நிரப்பினாள். மூடும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அங்கேயும் இப்படித்தான் ஆச்சா?"

பெரியவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையை மட்டும் அசைத்தாள்.

"மூணு பேருக்கு ஆக்கத் தெரியலைன்னா துரத்துவாங்களா?"

"யாரும் துரத்தல அத்தை. யாரும் சாப்பிடல. அவ்வளவுதான்."

அத்தை அண்டாவைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கும் தெரியாதுடி. யாருக்காவது ஒருத்தருக்குன்னு நான் சமைச்சதே இல்ல" என்றாள். பிறகு வரிசையில் நின்றவனைப் பார்த்து, தட்டை நீட்டுடா, படம் பார்க்கவா வந்தே என்று அதட்டினாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது மேசைகளைத் துடைத்துவிட்டிருந்தார்கள். மற்றவர்கள் தேநீருக்குப் போய்விட்டார்கள். நடையின் கடைசியில், ஜன்னல் பக்கம், பேராசிரியர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவளுக்காகத்தான் நின்றார்போலும்.

அவள் டப்பாவைத் திறந்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். அவர் கரண்டி தேடவில்லை. கையாலேயே எடுத்து ஒரு வாய் வைத்தார். நின்றபடியே, முதுகை நடைக்குக் காட்டிக்கொண்டு, வேகமாகச் சாப்பிட்டார். சின்ன வயதில் சாப்பிட்டது போலவே, யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்பது போல. மூலையில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்தார்.

"இதை ஏம்மா முதல்லயே கொண்டுவரலை?"

"இது பசங்க சாப்பிடுறதுங்க" என்றாள். "உங்களுக்குன்னு தனியா செஞ்சார்."

அவர் நனைந்த கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

மற்ற ஐந்து பேரும் நூடுல்ஸ் என்று சொல்லிவிட்டார்கள், முடிவாகிவிட்டது என்றார். அவர் ஒருவர் மட்டும் மாற்றிச் சொல்வதில் பயன் இல்லை. சொல்லவும் முடியவில்லை. நீங்களும்தானே சாப்பிட்டீர்கள், உங்களுக்கு அது பிடித்ததா என்று மேலாளர் அம்மாள் கேட்டபோது அவரால் இரண்டாவது முறை பொய் சொல்ல முடியவில்லை. நாளைக் காலையில் அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டு முறையாகச் சொல்வார்கள்.

"நான் வந்து அவர்கிட்ட பேசட்டுமா?"

"பேசி என்னங்க சொல்வீங்க?"

அவர் டப்பாவை நடையோரக் குழாயில் கழுவி அவளிடம் கொடுத்தார்.

*

அவள் திரும்பி வந்தபோது வரிசை கரைந்திருந்தது. அப்பா எழுந்து முகம் கழுவிக்கொண்டு, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வாசலிலேயே நின்றார். வந்ததும் வராததுமாக அவள் கையிலிருந்த துணிமூட்டையை வாங்கி, சட்டி கனக்கிறதா என்று எடை பார்த்தார். மீதியை அவள் வழியிலேயே கொட்டிவிட்டிருந்தாள்.

"காலியா?"

"ம்."

"அவன் சாப்பிட்டானா?"

கூடத்திலிருந்து கடைவரைக்கும் நடந்து வந்த அத்தனை தூரமும் அவள் சொல்ல வேண்டியதைச் சேர்த்து வைத்திருந்தாள். நாளைக்கு யாரோ போனில் சொல்வதற்கு நானே சொல்லிவிடுவது மேல் என்று முடிவு செய்திருந்தாள். அப்பா துண்டைக் கீழே இறக்கிவிட்டு, அவள் வாயையே பார்த்தார்.

"சாப்பிட்டார்ப்பா. கையால வழிச்சுச் சாப்பிட்டார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அப்பாவின் தோள் இறங்கியது. "வழிச்சா" என்றார். மறுபடியும், "வழிச்சா" என்றார். பக்கத்தில் இருந்த தூணை இரண்டு தட்டுத் தட்டினார். அத்தை அடுப்படியிலிருந்து பெரியவளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அவங்க ஒரு வார்த்தை முறையா சொல்லட்டும். அப்புறம் மேல பேசலாம்" என்றாள்.

"அவன் வழிச்சுச் சாப்பிட்டதுக்கு மேல என்ன முறை? பாவம், மேல அந்த அம்மா மூணு நாளா கேக்குது. நமக்கு இடம் கிடைச்ச பிறகும் அவங்க இடத்தைப் பிடிச்சு வச்சிருந்தா நல்லாவா இருக்கும்?"

"நாளைக்குச் சொல்லுங்கப்பா" என்றாள் பெரியவள்.

"இன்னைக்குள்ளன்னு சொல்லிச்சே. அப்படியே சட்டியையும் குடுத்துட்டு வந்துடுறேன்."

சட்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டே அவர் மாடிப்படி ஏறினார். முதுகு வலிக்கிறவர் மாதிரியே தெரியவில்லை.

"போய் நிறுத்துடி" என்றாள் அத்தை.

"என்னன்னு சொல்லி நிறுத்துறது?"

"நடந்ததைச் சொல்லு."

"எதை அத்தை? இன்னைக்கு நடந்ததையா, அங்க நடந்ததையா? ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணும் வெளிய வந்துடும். சின்னச் சட்டி சரிவராதுன்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பார்."

பெரியவள் படியில் ஏறத்தான் செய்தாள். பாதியில் நின்றுவிட்டாள். மேலே வீட்டுக்கார அம்மா சந்தோஷப்பட்டுச் சிரிப்பது கேட்டது. அப்பா இவ்வளவு உரத்துப் பேசி அவள் கேட்டு நாளாயிற்று. பொண்ணு வந்த நேரம் என்றார். அவள் வீட்டில் காலை வைத்த நேரம்தான் எல்லாம் கூடி வந்தது என்றார். பருவம் முடிந்ததும் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன், நீங்கள் தாராளமாக அவருக்கே விடுங்கள் என்றார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அண்டாவின் அடியில் இன்னும் நாலைந்து பேருக்கு இருந்தது. கடைசியாக வந்த இரண்டு மாணவிகள் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த பருவம் கூடத்துக்கு உள்ளே அண்டாக் கடை வரப்போகிறதாமே, உண்மையா என்று ஒருத்தி அத்தையிடம் கேட்டாள். அத்தை அவளுக்கு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

மாடியிலிருந்து போன் போயிருக்க வேண்டும். சற்று நேரத்துக்கெல்லாம் ஜெராக்ஸ் கடைக்காரர் கையில் அளவு நாடாவோடு வந்து நின்றார். அவசரம் ஒன்றும் இல்லை, சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும், இயந்திரம் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். அண்டாவைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இதை எப்படி வெளியே எடுப்பீர்கள், கதவைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று வியந்தார். அண்டா வந்த பிறகு வைத்த கதவு அது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பிறகு பெரியவளிடம் நாடாவின் ஒரு முனையை நீட்டினார்.

"கொஞ்சம் அந்தச் சுவர்ல வச்சுப் பிடிச்சுக்கம்மா."

அவள் வாங்கிக்கொண்டாள். சுவரில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். அவர் நாடாவை இழுத்துக்கொண்டு, அடுப்பைத் தாண்டி, அடுத்த சுவரை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்து போனார்.